வட்டத்தின் விளிம்பில் லாச்சப்பல்

பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, புறநகர் சந்தெனித் தெருவில் வடக்கு நோக்கி ஐந்து நிமிடம் நடந்தால் மூக்குக்கு முதலில் தெரியும். வறுத்த மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் மணக்கும். கொத்துரொட்டிக் கடையின் தகரத் தாளம் காதில் விழும். புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் முருங்கைக்காய் அடுக்கிய கடைகளும் வரிசையாக நிற்கும். ஈழத்தமிழர்கள் இந்த இடத்தை 'லாச்சப்பல்' என்று ஒரே சொல்லாக்கிக் கொண்டுவிட்டார்கள். சற்று வடக்கே மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. கோடையின் கடைசியில் பிள்ளையார் தேர் ஏறும் நாளில் இந்தத் தெருக்களில் உடையும் தேங்காய்களின் இளநீர் பாரிஸ் நகரின் சாக்கடைகளில் ஓடும்.

கடைகளுக்கு மேற்கே சில நூறு அடிகளில் ரயில் பாதைகள் விரிந்து கிடக்கின்றன. லில் நகருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் லண்டனுக்கும் போகும் ரயில்கள் எல்லாம் இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் வெளியேறுகின்றன. 1944 ஏப்ரல் 20 நள்ளிரவு, இந்தப் பாதைகளைக் குறிவைத்து 247 லங்காஸ்டர் விமானங்கள் வந்தன. 600க்கும் மேற்பட்ட பாரிஸ்வாசிகள் அன்றிரவு இறந்தார்கள். குண்டு போட்டவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர். பிரான்ஸை விடுவிக்க வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படைதான்.

அந்த இரவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பாரிஸில் தொடங்கக் கூடாது. இங்கிலாந்தின் சேற்று வயல்களுக்கு நடுவே இருந்த பயிற்சித் தளங்களில் தொடங்க வேண்டும்.

போரின் முதல் இரண்டு ஆண்டுகளில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் எதைத் தாக்கின என்பது அவற்றுக்கே தெரியவில்லை. 1941 ஆகஸ்டில், விமானங்கள் எடுத்து வந்த படங்களை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை தரப்பட்டது. இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து 5 மைல் தூரத்துக்குள் வந்திருந்தது. பெரிய விமானங்களும் நல்ல கருவிகளும் தேவை என்பது புரிந்தது. ஆனால் நான்கு எஞ்சின் விமானத்தை ஓட்ட ஆள் வேண்டுமே! அதுவரை பையன்கள் பழகியதெல்லாம் இரண்டு எஞ்சின் வெலிங்டன். அதிலிருந்து நேராக லங்காஸ்டரிலோ ஹாலிஃபாக்ஸிலோ ஏற்றினால் எதிரிக்கு வேலையே இருக்காது.

அதற்காகத்தான் 1942 தொடக்கத்தில் கனரக மாற்றுப் பயிற்சிப் பிரிவுகள் பிறந்தன. வாட்டர்பீச்சில் ஸ்டெர்லிங் விமானங்களோடு 1651ஆம் பிரிவு. யார்க்ஷையரின் மார்ஸ்டன் மூரில் ஹாலிஃபாக்ஸ்களோடு 1652ஆம் பிரிவு. பிறகு சங்கிலிபோல் நீண்டன. நம் கதைக்கு வேண்டியவை லிங்கன், நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் குண்டுவீச்சுப் படையின் 5ஆம் குழுமத்துக்கு ஆள் தயாரித்த விக்ஸ்லி, ஸ்விண்டர்பி, வின்தார்ப் ஆகிய மூன்று தளங்கள். லாச்சப்பலுக்கு வந்த 247 விமானங்களும் 5ஆம் குழுமத்தைச் சேர்ந்தவை.

இந்தத் தளங்களுக்கு வரும் குழு பெரும்பாலும் ஐந்து பேராக வரும், ஏழு பேராகப் போகும். முந்தைய பயிற்சி முகாமிலேயே ஐந்து பேர் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்திருப்பார்கள். எப்படித் தெரியுமா? ஒரு பெரிய விமானக் கொட்டகைக்குள் எல்லாரையும் விட்டுவிட்டு, 'நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்' என்று அதிகாரிகள் வெளியே போய்விடுவார்கள். எல்லாவற்றுக்கும் படிவம் வைத்திருந்த ராணுவம், யாரோடு சாகப்போகிறோம் என்ற ஒன்றை மட்டும் பையன்களிடமே விட்டது. மனிதர்களைப் பற்றி அந்த விமானப்படை எடுத்த முடிவுகளிலேயே இதுதான் மிக அறிவார்ந்தது என்பது என் எண்ணம். மாற்றுப் பயிற்சிப் பிரிவில் நான்கு எஞ்சின்களையும் எரிபொருளையும் கவனிக்க ஒரு பொறியாளரும், முதுகுக் கோபுரத்தில் உட்கார ஒரு துப்பாக்கிக்காரரும் சேர்வார்கள். சராசரி வயது 22.

பயிற்சி கொடுத்தவர்கள் 30 தாக்குதல்களை முடித்து உயிரோடு திரும்பியவர்கள். விமானங்களோ போர்முனையில் ஓடித் தேய்ந்தவை. நல்ல லங்காஸ்டர்கள் எல்லாம் போருக்குத் தேவைப்பட்டதால், 1944இல் 5ஆம் குழுமப் பயிற்சித் தளங்களுக்குக் கிடைத்தவை பழைய ஸ்டெர்லிங்குகள். அவற்றில் சில வாரம் பழகிய பின்பே சயர்ஸ்டன் தளத்தில் சில நாள் லங்காஸ்டரைத் தொட்டுப் பார்க்க முடியும்.

ஸ்டெர்லிங் தரையில் நிற்பதைப் படத்தில் பாருங்கள். கொக்கைப்போல் நீண்ட கால்கள், அண்ணாந்த மூக்கு. அக்காலத்து விமானங்களுக்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருந்தது. அதாவது, விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். பின்பாரம் ஏற்றிய வண்டி திருப்பத்தில் என்ன செய்யும்? பாரம் வெளிப்பக்கம் தள்ளி, திருப்பத்தை இன்னும் கூட்டப் பார்க்கும். ஓடுபாதையில் விமானம் ஒரு விரல் அளவு விலகினால் விலகல் தானாகவே வளரும். நான்கு விசிறிகளும் ஒரே திசையில் சுழல்வதால் எழும் காற்றுச்சுழல் வாலை ஒரு பக்கமாகத் தள்ளி அந்த முதல் விலகலைத் தந்துவிடும். ஆகவே ஓட்டுநர் நான்கு எஞ்சின்களையும் ஒன்றாக முடுக்கக் கூடாது. ஒரு பக்கத்து எஞ்சின்களைக் கொஞ்சம் முந்தவிட்டு, வேகம் கூடி வால் சுக்கானுக்குப் பிடி கிடைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. கை பழக வேண்டும். பழகும்வரை ஏறி, வட்டமடித்து, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். பகலில் முதலில், பிறகு இருட்டில், பிறகு ஓர் எஞ்சினை நிறுத்திவிட்டு.

ஹாலிஃபாக்ஸின் சிக்கல் வேறு. அதன் முதல் வகைகளுக்கு வாலில் முக்கோண வடிவில் இரண்டு செங்குத்துத் துடுப்புகள். சுக்கானைத் திருப்புவது எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காக, அதன் ஒரு பகுதி கீலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கம் படும் காற்று பின்பக்கம் படும் காற்றை ஓரளவு சமன்செய்யும். ஒரு பக்கத்து எஞ்சின் நின்று, வேகம் குறைந்து, விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் துடுப்பின்மேல் காற்று ஒட்டாமல் பிய்ந்துபோகும். அப்போது சமநிலை தலைகீழாகி, சுக்கான் ஒரே அடியில் ஓரத்துக்குப் போய் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இரண்டு காலாலும் மிதித்தாலும் நகராது. சுற்றிச் சுற்றி விழ வேண்டியதுதான். எஞ்சின் நிறுத்திப் பழகுவது பயிற்சிப் பாடத்திலேயே இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1943இல் துடுப்புகளைச் செவ்வகமாகப் பெரிதாக்கிய பிறகே நோய் தீர்ந்தது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் போரில் இறந்த 55,573 பேரில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் எதிரியைக் காணாமலே, பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள்.

மார்ஸ்டன் மூரின் 1652ஆம் பிரிவோடு பிணைந்த ஒரு பெயர் லாச்சப்பலுக்கு நம்மை அழைத்துச் செல்லும். லெனார்ட் செஷையர். 1942இல் அந்தப் பிரிவில் ஹாலிஃபாக்ஸ் பழக்கியவர். 1943 ஏப்ரலில், 25 வயதில், குரூப் கேப்டனாக அந்தத் தளம் முழுவதற்கும் பொறுப்பேற்றார். மேசை வேலை அவருக்கு ஒட்டவில்லை. அந்த ஆண்டு இறுதியில் தன் பதவியில் ஒரு படி இறங்கி, புகழ்பெற்ற 617ஆம் படைப்பிரிவின் தலைமையை வாங்கிக்கொண்டார். அங்கேதான், இலக்கை வானத்தின் உச்சியிலிருந்து தேடாமல், தாழப் பறந்து சிவப்புத் தீப்பந்தத்தை இலக்கின் மேலேயே வைத்துவிட்டு வரும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். தாழப் பறக்கும் ஒரு மஸ்கிட்டோ விமானம் அடையாளம் வைக்கும். மேலே வரும் நூற்றுக்கணக்கான லங்காஸ்டர்கள் அந்தச் சிவப்பை மட்டும் குறிபார்த்தால் போதும்.

குறிபார்ப்பது என்றால் என்ன? கணக்காகச் செய்துபார்ப்போம். விமானம் 4,000 மீட்டர் உயரத்தில், மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். காற்றின் தடையை மறந்தால் குண்டு தரையைத் தொட ஏறத்தாழ 28 விநாடி ஆகும். அதற்குள் அது முன்னோக்கி இரண்டரைக் கிலோமீட்டர் பயணம் செய்துவிடும். ஆகவே பாரிஸின் ஒரு ரயில் முற்றத்தில் குண்டு விழவேண்டுமானால், அடுத்த பேட்டையின் தலைக்குமேல் இருக்கும்போதே விடவேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் 89 மீட்டர் தள்ளி விழும். விமானம் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால் 70 மீட்டர். காற்றின் வேகத்தை விநாடிக்கு 5 மீட்டர் தவறாகக் கணித்தால் 140 மீட்டர். லாச்சப்பலில் 140 மீட்டர் என்பது தண்டவாளத்துக்கும் ஒரு ஐந்து மாடிக் குடியிருப்பின் படுக்கையறைக்கும் உள்ள தூரம்.

இந்தப் பிழைகளில் பாதியைக் கருவி ஏற்றுக்கொண்டது. இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட் வடிவமைப்பில் வந்த 14ஆம் வகைக் குறிநோக்கி, உயரம், வேகம், காற்று எல்லாவற்றையும் வாங்கித் தானே கணக்கிட்டது. சுழலாழியின் உதவியால் விமானம் சாய்ந்தாலும் அதன் பார்வை சாயவில்லை. இதே பிளாக்கெட்டை நேரு அழைத்து, விடுதலை பெற்ற இந்தியாவின் பாதுகாப்பு அறிவியல் எப்படி அமையவேண்டும் என்று ஆலோசனை கேட்டார். 1948இல் அவர் அறிக்கை தந்தார். நகரங்கள்மேல் மொத்தமாகக் குண்டு கொட்டுவதைப் போர்க்காலத்திலேயே எதிர்த்த அறிவியலாளர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மீதிப் பாதியை மனிதன் ஏற்கவேண்டும். பயிற்சித் தளங்களில் இதற்கென்றே உயரமான ஒரு செங்கல் கட்டடம் இருந்தது. மேல்மாடியில் பையன் குறிநோக்கியின்மேல் குப்புறப் படுத்திருப்பான். கீழே தரையில் நிலப்படம் ஒன்று ஒளியாக மெல்ல நகரும். இலக்கு நெருங்க, 'இடது, இடது... நேராக...' என்று அவன் சொல்லவேண்டும். விடு என்று பொத்தானை அழுத்தியதும் படம் நிற்கும். எங்கே விழுந்திருக்கும் என்று ஆசிரியர் காட்டுவார். பிறகு கடற்கரையோர வெளிகளில் சின்னப் புகைக் குண்டுகளைப் போட்டுப் பழகுவார்கள். ஒவ்வொன்றும் இலக்கிலிருந்து எத்தனை கஜம் என்று அளந்து ஏட்டில் எழுதப்படும்.

அந்த ஏட்டிலிருந்து ஒரு வட்டம் பிறக்கிறது. இலக்கை நடுவாக வைத்து, பாதிக் குண்டுகள் உள்ளே விழும்படி ஒரு வட்டம் போடுங்கள். சிதறல் சீரானதாக இருந்தால், அதன் ஆரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு அப்பால் விழுபவை 16இல் ஒன்று. மூன்று மடங்குக்கு அப்பால் 512இல் ஒன்று. ஆரம் 300 மீட்டர் என்றால், 1,000 குண்டுகளில் 62 குண்டுகள் 600 மீட்டருக்கு வெளியே விழும். பயிற்சியால் ஆரத்தை 150ஆகக் குறைத்துவிட்டால்? அதே 600 மீட்டர் இப்போது நான்கு மடங்கு. அதற்கு வெளியே விழுவது 65,536இல் ஒன்று, நடைமுறையில் ஒன்றுமில்லை. பிழையைப் பாதியாக்கினால் தூரத்துச் சாவு பாதியாவதில்லை, அநேகமாக மறைந்துவிடுகிறது. ஒரு பயிற்சித் தளம் செய்யக்கூடிய அரும்பெரும் வேலை இது. கணக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் அது சீரான சிதறலுக்கான கணக்கு. கை நடுங்குவதால் வரும் பிழைக்கு அது பொருந்தும். வேறொரு நெருப்பை அடையாள நெருப்பு என்று நம்பிவிட்டால் பொருந்தாது.

இப்போது ஏப்ரல் 20க்கு வரலாம். நார்மண்டியில் படை இறங்க ஏழு வாரம்கூட இல்லை. இறங்கும் இடத்துக்கு ஜெர்மனி துணைப்படை அனுப்பாமல் தடுக்க, பிரான்ஸின் ரயில் எஞ்சின் கொட்டகைகளையும் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் அழிக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதன் மூளை சாலி ஸூக்கர்மன்; போருக்கு முன்பு குரங்குகளின் சமூக வாழ்வை ஆராய்ந்த விலங்கியலாளர். தென்னித்தாலியில் குண்டுவீச்சின் விளைவுகளை எண்ணிப் பார்த்து, பாலங்களைவிடப் பட்டறைகளைத் தாக்குவதே ரயிலை முடக்கும் என்று அவர் வாதிட்டார். எத்தனை பிரெஞ்சு மக்கள் சாவார்கள் என்பதுதான் லண்டனை வாட்டிய கேள்வி. 10,000 பேருக்கு மேல் போகக் கூடாது என்று சர்ச்சில் ஒரு வரம்பு வைக்கப் பார்த்தார். அமைச்சரவை மேசையில் அந்த எண் வைக்கப்பட்டதை முதன்முதல் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே பாரிஸ் அருகே நுவாசி-லெ-செக்கில் ரயில் முற்றத்தோடு ஊரும் அழிந்திருந்தது.

லாச்சப்பல், 5ஆம் குழுமத்தின் புதிய அடையாள முறைக்கு முதல் பெரிய சோதனை. 22 மஸ்கிட்டோக்கள் முன்னே சென்றன. சிலவற்றுக்கு இங்கிலாந்தின் இரு தரைநிலையங்களிலிருந்து வானொலி அலை வழிகாட்டியது. ஒரு நிலையத்திலிருந்து மாறாத தூரத்தில் வில்போல் வளைந்து பறந்து, மற்ற நிலையம் சமிக்ஞை தரும் கணத்தில் விளக்குக் குண்டைப் போடவேண்டும். முக்கிய அடையாளம் வைப்பது செஷையரின் பொறுப்பு. படையை இரண்டாகப் பிரித்து, ஒரு மணி நேர இடைவெளியில், ரயில் முற்றத்தின் இரு பகுதிகளைத் தாக்குவது திட்டம்.

தொடக்கமே பிசகியது. வானொலி வழிகாட்டிய முதல் விளக்குகள் சில நிமிடம் பிந்தின. மேலே இருந்த கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு இடையே பேச்சு சரியாகப் போய்ச்சேரவில்லை. அதைச் சரிசெய்த பிறகு குண்டுவீச்சு மிகத் துல்லியமாகவும் செறிவாகவும் அமைந்தது என்று விமானப்படையின் பதிவு சொல்கிறது. அது உண்மை. முற்றம் சிதைந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தது பாரிஸின் பதிவு. அதுவும் உண்மை. 18ஆம் வட்டாரமும் வடக்கே சந்தெனி, சந்துவான் பகுதிகளும் ரயில்வே தொழிலாளர்களின் வீடுகளால் நெருங்கியிருந்தன. பட்டறைக்குப் பக்கத்தில்தானே பட்டறைக்காரன் குடியிருப்பான்? மோன்மார்த்ர் குன்றிலுள்ள திரு இருதய ஆலயத்தின் அருகிலும் குண்டுகள் விழுந்து அதன் வண்ணக் கண்ணாடிகள் நொறுங்கின. வட்டத்தின் விளிம்பு அங்கேவரை எட்டியிருந்தது. ஆறு லங்காஸ்டர்கள் திரும்பவில்லை. ஏப்ரல் 26 அன்று, ஜெர்மனிக்குப் பணிந்து ஆண்ட தளபதி பெத்தேன், நோத்ர்தாம் பேராலயத்தில் நடந்த இரங்கல் வழிபாட்டுக்கு வந்தார். செத்தவர்கள் அரசியலுக்கும் பயன்பட்டார்கள். மொத்தப் போரில் நேசநாட்டுக் குண்டுகளுக்குப் பலியான பிரெஞ்சு மக்கள் சுமார் 60,000 பேர்.

பயிற்சியின் எல்லையைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. குண்டுவீச்சுப் படையின் தலைமையகத்தில் புள்ளிவிவரம் பார்த்த 20 வயது இளைஞர் ஃப்ரீமன் டைசன் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். அனுபவம் கூடக் கூட ஒரு குழு பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறதா? கூடுகிறது என்றுதான் பையன்களுக்குச் சொல்லப்பட்டது. டைசனின் கணக்கில், போரின் பிற்பகுதியில் அப்படி எதுவும் தெரியவில்லை. முதல் பறப்புக்காரனும் இருபதாவது பறப்புக்காரனும் ஒரே விகிதத்தில் விழுந்தார்கள். ஜெர்மன் இரவு விமானங்கள் அடிவயிற்றுக்குக் கீழே இருட்டில் வந்து, மேல்நோக்கிப் பொருத்திய பீரங்கியால் சுட்டதே காரணம் என்று பின்னால் விளங்கியது. லங்காஸ்டரில் கீழே பார்க்கக் கண் இல்லை. எத்தனை திறமையான குழுவுக்கும் காணாததிலிருந்து தப்பத் தெரியாது. விமானத்தின் உள்ளே இருந்தவனுக்கும் கீழே நிலவறையில் இருந்தவளுக்கும் சாவு ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் வந்தது.

இந்தச் சங்கிலியின் கண்ணிகள் நம் மண்ணிலும் உண்டு. தமிழக எல்லைக்கு அப்பால் கோலாரில் 1673ஆம் கனரக மாற்றுப் பயிற்சிப் பிரிவு இயங்கியது. நான்கு எஞ்சின் லிபரேட்டர்களை அங்கே பழகியவர்களிலிருந்து 1944 நவம்பரில் ஒரு படைப்பிரிவே எழுந்தது. அதே ஆண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டில் காங்கேசன்துறை என்ற பெயரில் இயங்கிய தளத்திலிருந்து 160ஆம் படைப்பிரிவின் லிபரேட்டர்கள் இந்தியப் பெருங்கடல்மேல் பறந்தன. அந்தத் தளம்தான் இன்றைய பலாலி.

லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெரியவர் வாழைப்பூக்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டே கேட்டார். பலாலி என்றதும் கை நின்றது.

"இஞ்சையும் பொம்மர் அடிச்சதோ தம்பி?"

பொம்மர் என்பது யாழ்ப்பாணத்தின் சொல். குண்டுவீச்சு விமானத்துக்கு அகராதியில் எந்தப் பெயர் இருந்தாலும், வானத்தைப் பார்த்துக் காதைப் பொத்தியவர்களுக்கு அது பொம்மர்தான். லங்காஸ்டரைச் செய்த நிறுவனத்தின் பெயர் அவ்ரோ என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எண்பதுகளில் வடக்கில் பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்ட பயணிகள் விமானத்தையும் அங்குள்ளவர்கள் அவ்ரோ என்றுதான் சொன்னார்கள். அதுவும் அதே நிறுவனத்தின் வரைபலகையில் பிறந்ததுதான்.

"ஆர் அடிச்சது? ஹிட்லரோ?"

"இல்லை ஐயா. இங்கிலாந்து."

"அவங்கள் காப்பாத்த வந்தவங்கள் எல்லே?"

ஆமென்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னாலிருந்த மரக் கதவைத் திறந்து, வாரும் என்றார். ஒடுங்கிய கற்படிகள் கீழே இறங்கின. பாரிஸின் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கும் அடியில் இப்படி வளைகூரை போட்ட நிலவறைகள் உண்டு. அபாயச் சங்கு ஊதினால் 1944இல் மக்கள் ஒதுங்கியது இவற்றில்தான். உள்ளே சம்பா அரிசி மூட்டைகளும் தேங்காய் எண்ணெய்த் தகரங்களும் அடுக்கியிருந்தன. தலை இடிக்கும் உயரம். மேற்குப் பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு ரயில் போனது, கல் லேசாக அதிர்ந்தது.

பெரியவர் கூரையின் வளைவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "பங்கருக்கு நாங்கள் பனங்குத்தி போட்டனாங்கள்," என்றார். "இது கல்லு."

எத்தனை பேர் இதற்குள் இருக்கலாம் என்று மூட்டைகளை விலக்கி எண்ணத் தொடங்கினார்.